குசினிக்கும் விறாந்தைக்கும் இடையே

எங்கள் வீட்டின் பின்வாசலிலிருந்து குசினி வாசல் வரை 27 அடி. வீட்டைப் பெருப்பிப்பது என்று முடிவான அன்று, முன்பக்கக் காணியை அளப்பதற்காக எடுத்த அளவு நாடாவால் நான் முதலில் அளந்தது இந்தத் தூரத்தைத்தான். அந்த முற்றத்தை என் அம்மா எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பார் என்ற கணக்கு நெடுநாளாக என் மனதில் கிடந்தது.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இந்த வீட்டை 1952இல் அப்பப்பா கட்டினார். நாற்சார் வீடு அல்ல; அதற்கு அவரிடம் வசதி போதவில்லை. முன்னே நீண்ட விறாந்தை, நடுவில் ஹோல், இருபக்கமும் அறைகள், பின்னால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் தனியாகக் குசினி. விறகடுப்பின் புகையும் தீப்பொறியும் வீட்டை எட்டக்கூடாது என்பதற்காக அந்நாளில் குசினியைத் தள்ளியே கட்டினார்கள். கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரைகள் நிறைந்திருந்த ஊரில் அது அறிவான ஏற்பாடு. பிறகு ஓடு வந்தது, எரிவாயு அடுப்பு வந்தது. குசினி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருந்தவரும் அப்படித்தான்.

வந்தவர்கள் முன்விறாந்தையில் இருப்பார்கள். சாய்மனைக் கதிரை பெரியவருக்கு, வாங்கு மற்றவர்களுக்கு, பாய் எங்களுக்கு. புதுமணத் தம்பதியை உறவினர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இன்றைக்கும் உண்டு. சின்ன மாமாவும் புது மாமியும் அப்படி வந்த ஒரு மத்தியானம், எனக்குப் பத்து வயதிருக்கும், அம்மா முற்றத்தைக் கடப்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, இறால் பொரியல், சொதி, அப்பளம், குடிக்கத் தண்ணீர், மறுபடி சோறு, மறுபடி சொதி, பாயசம், கை கழுவச் செம்பு. போக 46 தடவை. வந்ததை நான் எண்ணவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு அவர் முன்னே வந்தபோது எல்லோரும் படலையடியில் நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். இரவு படுக்கும்போது அம்மா என்னிடம் கேட்டார்: புது மாமி அப்படி என்ன சொன்னார், ஏன் எல்லோரும் அவ்வளவு நேரம் சிரித்தீர்கள்?

எனக்கு அந்தக் கேள்வி அப்போது விளங்கவில்லை. கலியாணமாகி நானும் அந்த 27 அடியை நடக்கத் தொடங்கிய பிறகு விளங்கியது.

2023இன் இறுதியில், அடுத்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போவதாகத் தம்பி ரொறன்ரோவிலிருந்து அழைத்துச் சொன்னான். தங்கை குடும்பம் இலண்டனிலிருந்து. மச்சாளின் பெற்றோரையும் சேர்த்து 13 பேர். சொன்ன கையோடு, “நாங்கள் நகரத்தில் ஹோட்டலில் தங்குகிறோம் அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சில் தைத்தது. பிறந்த வீட்டுக்கு வருகிறவன் வாடகை அறையில் படுப்பதா என்று கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழையில்லை என்பதும் தெரிந்தது. ஒரு குளியலறை, இரண்டு படுக்கையறை, மழை வந்தால் ஒழுகும் ஒரு மூலை. 13 பேரை எங்கே வைப்பது?

இந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை திருத்தப்பட்ட வீடு. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கியதால், எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது திறப்பு கையில் இருந்தது, கதவு இல்லை. ஓடுகளும் யன்னல்களும் இல்லை. சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் மட்டும் அசையாமல் நின்றன. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததும், பிறகும் நெடுங்காலம் அது எளிதில் கிடைக்காததும் இங்கிருந்தவர்களுக்குத் தெரியும். தகரமும் தறப்பாளும் போட்டு இருந்தோம். 2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கூரைக்கு ஓடு ஏறியது. அப்போது செய்த திருத்தமெல்லாம் வெயிலுக்கும் மழைக்கும் தலையை மறைப்பதற்காகச் செய்தவை. ஒருவரை அழைத்து இருத்துவதற்காக வீட்டைத் தொடுவது இதுதான் முதல் தடவை. 2022இல் தொடங்க நினைத்தோம். ஒரு பை சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டி ஏறியபோது அந்த எண்ணத்தையே மடித்து வைத்தோம்.

தெரிந்தவர் மூலம் ஒரு படவரைஞர் வந்தார். முன்விறாந்தையை இடித்துவிட்டு 30க்கு 18 அடியில் ஒரு ஹோல், வழுவழுப்பான தரை, குளிரூட்டி, இருபக்கமும் குளியலறையோடு அறைகள் என்று அழகாக வரைந்து தந்தார். இப்போது எங்கள் பக்கத்தில் எழும்பும் வீடுகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசில், ஊரில் எல்லோரும் கூடவேண்டும் என்ற ஆசையில் கட்டியவை அவை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடுகள் ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கின்றன. பெரிய ஹோலில் உறை மூடிய செற்றிகள். சொந்தக்காரர் வந்து நிற்கும் அந்த ஒரு மாதத்திலும் ஆண்கள் ஹோலில் தொலைக்காட்சி முன் இருக்க, பெண்கள் பின்னால் வியர்த்து நிற்கிறார்கள்.

படத்தை மேசையில் விரித்து, புது ஹோலின் நடுவிலிருந்து குசினி அடுப்பு வரை அளந்து பார்த்தேன். 71 அடி வந்தது. விருந்தினருக்கென்று இவ்வளவு காசைச் செலவழித்துச் சமைக்கிறவரை இன்னும் தூரத்துக்கு அனுப்புவதா? அந்தப் படத்தை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நாங்கள் பின்பக்கமாகப் பெருப்பித்தோம். வீட்டுக்கும் குசினிக்கும் நடுவே கிடந்த முற்றத்தின் ஒரு பாதிக்கு மேலாக, வீட்டுச் சுவரிலிருந்து குசினி வரை ஓட்டுப் பத்தி, அதாவது பக்கம் திறந்த தாழ்வாரம், இறக்கினோம். 27 அடி நீளம், 18 அடி அகலம். குசினியின் முற்றத்துப் பக்கச் சுவரை இடுப்பளவு உயரத்துக்கு மேலே வெட்டித் திறந்தோம். இப்போது அடுப்படியில் நிற்பவர் முகம் பத்தியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் எல்லோர் முகமும் தெரியும். வேலை முழுவதிலும் எனக்கு முக்கியமாக இருந்தது அந்த ஒரு திறப்புத்தான். மற்றவை அதைச் சுற்றி வந்தவை.

பழைய சுண்ணாம்புக்கல் சுவரை வெட்டுவது சிறிய காரியம் அல்ல. கற்கள் ஒரே அளவானவை அல்ல. ஒன்றை இழுத்தால் மேலே உள்ள மூன்று சரியும். மேசனார் முதலில் மேற்சுவருக்கு மரம் முட்டுக்கொடுத்து, பாதிச் சுவரின் கனத்துக்குள் ஒரு கொங்கிறீற் வளையை இறக்கி, அது இறுகிய பிறகு மறுபாதிக்கும் வளை போட்டு, அதன் பின்பே கீழே இருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 16 நாட்கள் பிடித்தன. கழற்றிய கற்களை வீசவில்லை. அவற்றைக்கொண்டே பத்தியின் ஓரம் முழுவதும் திண்ணை கட்டினோம். அப்பப்பா காலத்துக் கல்லில் இப்போது பிள்ளைகள் கால் ஆட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

முதல் டிராக்டர் மணல் வந்து இறங்கியபோது மேசனார் ஒரு பிடி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். உடனே துப்பிவிட்டு, “இது வேண்டாம் ரீச்சர், உப்பு நிற்கிறது, கம்பியைத் தின்றுவிடும்” என்றார். கொண்டுவந்தவரோடு அரை நாள் வாக்குவாதப்பட்டு அதைத் திருப்பி அனுப்பினோம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த மண்ணில் நல்ல மணல் என்பது காசை விடப் பெரிய சங்கதி. கூரைக்கு வளையும் சிலாகையும் பனைதான். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கறையானுக்கு இலேசில் இடம் கொடாது; எங்கள் பழைய கூரையில் அப்பப்பா போட்ட பனை வளைகளில் தப்பியவை இப்போதும் இரும்பு போலக் கிடக்கின்றன.

காற்றைப் பற்றி அம்மாவிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தோம். வெளிநாட்டுச் சனம் வருகிற ஆடி, ஆவணியில் இங்கே வீசுவது சோளகம். தென்மேற்கிலிருந்து புழுதியோடு அடிக்கும். மாரியில் வாடை, வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். ஆகவே பத்தியின் தென்மேற்குப் பக்கத்தை முழுவதும் திறந்து விட்டு, புழுதிக்கு வேலியோரம் செவ்வரத்தையும் கிளுவையும் நெருக்கி நட்டோம். வெளியில் பெரிய பானை வைக்கும் விறகடுப்பை வடகிழக்கு மூலையில் போட்டோம். சோளகக் காலத்தில் புகை தானாகவே வெளியே போய்விடுகிறது. மழைக்காலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி ஏற்றக்கூடிய பனையோலைத் தட்டிகள். மின்விசிறி இரண்டு பூட்டியிருக்கிறோம். பகலில் அவற்றை யாரும் போடுவதில்லை.

தரை மட்டத்துக்கு வந்தபோது மேசனார் கேட்டார்: எத்தனை படி வைப்பது?

பழைய வீட்டின் விறாந்தை நிலத்திலிருந்து மூன்று படி உயரம். அம்மாவுக்கு 84 வயது, முழங்கால் மடங்காது. படி வேண்டாம் என்று சொல்ல அந்தக் காரணம் ஒன்றே போதும். ஆனால் எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை மறைத்துவிட்டு பழைய வீடுகளின் அழகைப் பேசினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அந்த மூன்று படிகள் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பிரித்தன. சிலர் விறாந்தையில் இருந்தார்கள். சிலர் படியடியில் நின்றார்கள். பனை ஏறவும், தோட்டம் கொத்தவும், துணி எடுக்கவும் வந்தவர்கள் முற்றத்தில் குந்தினார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் தகரக் குவளைகள் குசினியின் பின்தாழ்வாரத்தில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குவளையில் தேநீரை எடுத்துக்கொண்டு போனது பல நாள் நான்தான். குடித்து முடித்தவரே கிணற்றடியில் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பொது இடங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் நுழைவதற்காக மக்கள் போராடினார்கள். கடையையும் கோயிலையும் சட்டம் எட்டியது. வீட்டு விறாந்தையை அது எட்டவில்லை. விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊர் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்ளும்போது எனக்கு அந்தக் குவளைகள் நினைவுக்கு வருகின்றன. வீட்டின் அமைப்பே அதற்குத் துணை நின்றது. யார் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதைப் படிகள் சொல்லிக்கொடுத்தன.

படி வேண்டாம் என்றேன். முற்றத்து மண்ணும் பத்தித் தரையும் ஒரே மட்டம். மழைநீர் ஏறாமல் இருக்கச் சிறு சரிவு மட்டும். வேலை நடந்த ஐந்து மாதமும் மேசனாரும் கூட வந்த மூன்று தம்பிமாரும் எங்களோடு அதே இடத்தில், அதே கோப்பைகளில் சாப்பிட்டார்கள். கொங்கிறீற் காய்வதற்கு முன் பலகைகளை அடுக்கி அதன் மேல் வாழையிலை விரித்துச் சாப்பிட்டதுதான் அந்தப் பத்தியின் முதல் பந்தி. அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள் தானே எழுந்து மேசனாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

குளியலறைகள் பற்றி எழுதுவது பலருக்குச் சுவையாக இராது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் விருந்தினருக்காக வீடு கட்டுகிறவர்கள் பிழை விடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். எங்களிடம் வற்றாத ஆறு கிடையாது. செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது துளையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். நிலத்தில் எதைவிட்டாலும் அது வெகு விரைவில் கிணற்றைச் சென்றடையும். அந்தக் கல்லுக்குள் இருக்கும் நன்னீரும் உப்புநீரின் மேல் மிதக்கிற ஒரு படைதான். கொஞ்சத் தூரத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

புதிய குளியலறைக்கு வழக்கமான மலக்குழியை வெட்டலாம் என்று காட்டிய இடத்திலிருந்து கிணற்றுக்கு அளந்தேன். 31 அடி. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரையா கொடுப்பது? காணியின் மறுகோடியில், அடியும் சுவரும் கொங்கிறீற்றால் பூசி அடைத்த தொட்டியாகக் கட்டினோம். நிரம்பினால் பிரதேச சபையின் பவுசரை அழைத்து இறைக்கவேண்டும். செலவு கூடுதல். குளியல் தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகிறது; அது எங்கள் கிணற்றடிகளின் பழைய வழக்கம். பத்திக் கூரையில் விழும் மழையைப் பீலி வைத்துப் பிடித்து, கல்லும் மணலும் நிரப்பிய குழியில் இறக்குகிறோம். ஒரு கூரைத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டவர்கள் உண்டு. எடுக்கிறவர் கொஞ்சமாவது திருப்பி வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

குறையும் இருக்கிறது. புதிய பத்தி பழைய சுவரோடு சேரும் இடத்தில் முதல் மாரிக்கே தண்ணீர் இறங்கியது. சுண்ணாம்புச் சுவரில் சீமெந்துப் பூச்சு ஒட்டிப் பிடிக்கவில்லை. யன்னல்களுக்கு முற்பணம் வாங்கியவர் நான்கு மாதம் அலைக்கழித்தார். அதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

மேசை விடயத்தில் தம்பிக்கும் எனக்கும் தொலைபேசியில் சண்டையே வந்தது. நல்ல ஹோல் ஒன்று கட்டுங்கள், குளிரூட்டிக்கு நான் காசு அனுப்புகிறேன் என்றான் அவன். எனக்கு 16 அடி மேசைக்கு மரக்காசு அனுப்பு என்றேன் நான். கடைசியில் அனுப்பினான். காற்றுக்கு விழுந்த எங்கள் வளவு வேம்பை அரிந்து, எட்டடியில் இரண்டு மேசைகளாக ஓடாவியார் செய்து தந்தார், சேர்த்தால் ஒன்று. ஒரு நுனி குசினித் திறப்பில் முட்டி நிற்கிறது. கறிச்சட்டியை உள்ளிருந்து நகர்த்தினால் அது பந்திக்கு வந்துவிடும். யாரும் தூக்கிக்கொண்டு நடக்கத் தேவையில்லை.

அவர்கள் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னதாக வந்து சேர்ந்தார்கள். நல்லூரில் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் 25 நாட்களுக்கு மீன் கிடையாது. ஆகவே கூழ் காய்ச்சுவதென்றால் அதற்கு முன் காய்ச்சவேண்டும். மூன்றாம் நாள் பின்னேரம் வடகிழக்கு மூலை அடுப்பில் பெரிய பானை ஏறியது. கூழ் ஒருவர் தனியே சமைத்துப் பரிமாறும் உணவல்ல. தங்கை நண்டை உடைத்தாள். மச்சாள் பயற்றங்காய் முறித்தார். அவரின் தகப்பனார் பலாக்கொட்டைத் தோல் உரித்தார். தம்பி, ரொறன்ரோவில் சமையற்கட்டுப் பக்கமே போகாதவன் என்று மச்சாள் சொன்ன அந்தத் தம்பி, மரவள்ளிக்கிழங்கு சீவினான். பிள்ளைகள் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினார்கள். அழைத்திருந்தபடி மேசனாரும் மனைவியும் வந்தார்கள். அவர் பூசிய திண்ணையிலேயே இருந்து, தான் கட்டிய அடுப்புக்கு விறகு தள்ளினார்.

கூழுக்கான ஒடியல் மாவை, காய்ந்த பனங்கிழங்கின் மாவை, எவ்வளவு நேரம் ஊறவைத்துக் கயர்ப்பை வடிக்கவேண்டும், புளியை எப்போது விடவேண்டும், எந்தப் பதத்தில் மாவைக் கரைத்து ஊற்றவேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் பொறுப்பு. முன்விறாந்தையில் இருந்த சாய்மனைக் கதிரையைத் தூக்கிவந்து பத்தியின் நடுவில் போட்டிருந்தோம். அதில் இருந்துகொண்டே சொன்னார். சொல்லிக்கொண்டே இடையில், 1995இல் கைதடியில் ஒரு மரத்தின் கீழ் ஆறு குடும்பத்துக்கு ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிய கதையைத் தொடங்கினார். அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரவுகளைப் பற்றி அவரை யாரும் கேட்டதும் இல்லை.

விளக்குப் போட எழுந்து போனபோது பார்த்தேன், முன்விறாந்தையில் ஒருவரும் இல்லை.

மச்சாளின் தகப்பனார் மறுபடி கூழ் கேட்டார். அம்மா பழக்கத்தில் கதிரைக் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். “நீங்கள் இருங்கள் அம்மம்மா” என்று தங்கையின் மகள் அகப்பையை எடுத்தாள். “பிறகு என்ன நடந்தது, அந்த ஆறு குடும்பத்துக்கும் கோப்பை இருந்ததா?”

“எங்கே இருந்தது” என்று அம்மா திரும்பவும் சாய்ந்துகொண்டார். எல்லோரும் பலாவிலையைக் கையில் வைத்தபடி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.